மாத்திரை போட்டுக்கொண்டு வார்டுக்கு வரலாமா?

அதிகாலை ஐந்தரை மணி. பொது மருத்துவ வார்டில் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போடும் நேரம் நெருங்குகிறது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வலுவில் புழங்குகிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியும் பேனா மருந்தும். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் இழுத்துவிட்டால், பத்து யூனிட் என்று கோடு பார்த்துப் போட்டாலும் நோயாளியின் உடம்புக்குள் போவது இருபத்தைந்து. மருந்துத் தட்டோடு நிற்கும் செவிலியர் முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்தவர். ஜலதோஷம், மூக்கு ஒழுகுகிறது என்று வரும்போதே ஓர் அவில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

அவருக்கு நோய் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடுப்பு கேட்கவில்லை, ஆகவே யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. அதே வார்டில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூட வலிப்பு வராத இன்னொருவர் இருந்தால், விஷயம் வெளியே தெரிந்த அன்றே ‘இவரை வைத்துக்கொள்ளலாமா’ என்ற பேச்சு கிளம்பிவிடும். நோயின் பெயரைக் கேட்டுப் பயப்படுகிறோம். சாப்பிடும் மருந்து என்ன செய்கிறது, எத்தனை மணிக்குச் செய்கிறது, அந்த நேரத்தில் அவர் கையில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பதில்லை. மருத்துவமனை ஊழியர்களின் பணித்தகுதி பற்றிய நம் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

அவிலும் சி.பி.எம். என்று நாம் சொல்லும் குளோர்பெனிரமினும் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள். மூளைக்குள் எளிதாக நுழையும், விழிப்பைக் குறைக்கும். சி.பி.எம். பாதியாகக் குறைவதற்கே பெரியவர்களின் உடலில் ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகும். தூக்கம் வருவதாக உணராதபோதும் கவனமும் கை வேகமும் குறைந்திருக்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ‘எனக்கு ஒன்றும் செய்யாது சிஸ்டர், பழகிவிட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. இதோடு, விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிவரை மனித உடம்பு இயல்பாகவே மிகவும் மந்தமாக இருக்கும் நேரம். மாத்திரையின் மயக்கமும் உடல் கடிகாரத்தின் மயக்கமும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. இதே தும்மலுக்குப் புதிய தலைமுறை ஒவ்வாமை மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் எடுத்திருந்தால் இந்தக் கவலை பெருமளவு இருந்திருக்காது. செடிரிசின் இரண்டுக்கும் நடுவே. பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைத் தள்ளாட வைக்கும். ஆக, ஜலதோஷம் பிடித்தவர் பணிக்கு வரலாமா என்பதைவிட, எந்த மாத்திரையோடு, எந்த ஷிஃப்டுக்கு வருகிறார் என்பதே இங்கே பெரிய விஷயம்.

இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க முடியாதவர்கள் அல்பிரசோலம், சோல்பிடம் பக்கம் போவது மருத்துவமனை வட்டாரத்தில் புதிதல்ல. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2013 ஜனவரியில் சோல்பிடம் மாத்திரைக்குப் பெண்களுக்கான அளவைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் சொன்னது. இரவில் சாப்பிட்ட மருந்து மறுநாள் காலை வண்டி ஓட்டும் நேரத்திலும் சில பெண்களின் ரத்தத்தில் கவனத்தைக் குலைக்கும் அளவுக்கு மிச்சமிருந்தது என்பதே காரணம். நம் செவிலியர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். பகல் பதினொன்றுக்குப் படுத்து, பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு எட்டு மணிக்கு மறுபடி டியூட்டிக்குக் கிளம்புகிறவரின் கணக்கில், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கென்று அளந்த மாத்திரை எங்கே போய் நிற்கும்? மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் ‘எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எத்தனை மணிக்கு வேலை’ என்று கேட்காமல் எழுதினால், அது பாதி வேலைதான்.

காசநோய்ப் பக்கம் வந்தால் இந்த விஷயம் இன்னும் ஆழமாகிறது. இந்தியாவில் மருத்துவப் பணியாளர்களுக்குக் காசநோய் வருவது அவர்களின் தொழில் ஆபத்துகளில் ஒன்று. அப்படி வந்தவர் சிகிச்சை தொடங்கியதும் நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒன்றே: ‘சளி நெகட்டிவ் ஆகிவிட்டதா?’ தொற்று பற்றிய அந்தக் கேள்வி தேவைதான். ஆனால் அதற்கான விடையின் பெரும்பகுதி சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக்கொண்டவர்களையும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கி எடுத்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை குறைந்ததல்ல என்றும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்றும் 1959 முதல் வெளியான முடிவுகள் காட்டின. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், சரியான சிகிச்சை தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

யாரும் கேட்காத கேள்வி மருந்தைப் பற்றியது. எதாம்பியூட்டால் என்ற மாத்திரை இப்போதைய தினசரி சிகிச்சையில் ஆறு மாதமும் இருக்கிறது. சிலருக்கு அது பார்வை நரம்பைத் தாக்கும். பார்வை மங்குவதோடு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறனும் குறையும். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் மீளும்; விட்டுவிட்டால் மீளாமலும் போகலாம். இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் கணக்கு எழுதும் குமாஸ்தா என்றால், நிறம் மங்குவது அவர் வேலையைப் பெரிதாகத் தொடாது. அவர் லேப் டெக்னீஷியன் என்றால்? சளி ஸ்லைடைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை இன்னும் பல இடங்களில் நடக்கிறது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகளாகக் கிடக்கும் கிருமிகளைத் தேடி எண்ணுவதுதான் அந்த வேலை. ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்த்து நாலைந்து சிவப்புக் கோடு மட்டும் இருந்தால், அதைத் தவறவிடாத கண் வேண்டும். தன் காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர், அந்த மருந்தினாலேயே இன்னொருவரின் காசநோயைக் காணாமல் விட்டுவிடக்கூடும். இதைத் தடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை பார்வைப் பலகையும், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் நிறப் பரிசோதனைப் புத்தகமும் காட்டினால் போதும்; பத்து நிமிட வேலை. ஆனால் அதைச் செய்யச் சொல்லி எந்தத் தகுதிச் சான்றிதழிலும் எழுதுவதில்லை.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு போட்ட கானமைசின் போன்ற ஊசிகள் காதைக் கெடுத்தன. இழந்த செவித்திறன் திரும்பி வருவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பை நம்பி வாழும் மருத்துவருக்கு அது என்ன இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊசிகளின் காலம் முடிந்து, பெடாகுவிலின், பிரிடோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சைக்கு 2024-இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது பெரிய முன்னேற்றம். இதில் லினிசோலிட் நரம்புகளைப் பாதிக்கும். கால்களில் தொடங்கும் மதமதப்பு சிலருக்குக் கைவிரல்களுக்கும் வரும். வென்ஃப்ளான் எனப்படும் ரத்தக்குழாய் ஊசிக்குழாயைப் போடும் செவிலியர் ரத்தக்குழாயைக் கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால்தான் அதிகம் கண்டுபிடிக்கிறார். நீர்ச்சத்து இழந்த குழந்தையின் கையில் அமுங்கி எழும் அந்தச் சிறு துள்ளலை உணர முடியாத விரல், வேறு எல்லா வேலைக்கும் தகுதியாக இருக்கலாம். அந்த ஒரு வேலைக்கு அல்ல. சில மாதங்களுக்கு அவரை வெளிநோயாளிப் பதிவிலோ மருந்து இருப்பிலோ வைத்தால் விஷயம் முடிந்தது. அவரை வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. எதுவும் கேட்காமல் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் போடுவதும் தவறு.

வேலையின் காரணமாகவே சாப்பிட வேண்டிவரும் மருந்து ஒன்றும் உண்டு. நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம், மருந்து அதை இன்னும் வெகுவாகக் குறைக்கிறது. பழைய மருந்துகளில் ஜிடோவுடின் குமட்டலைத் தந்தது. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் தந்தது. பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். இப்போது தரப்படும் டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை எவ்வளவோ மேல். என்றாலும் சிலருக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் வரும். இரவு சாப்பிட்டுத் தூக்கம் கெடுகிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். எனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் நாளுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடும் செவிலியர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இது சிறிய குறிப்பு அல்ல.

ஆனால் இந்த 28 நாள்களின் பெரிய பக்கவிளைவு மருந்துப் பெட்டியில் அச்சிடப்படாதது. ‘ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறாளாம்’ என்று, அதாவது எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறாள் என்று, டியூட்டி ரூமில் ஒரு பேச்சு வந்துவிட்டால் போதும். அதற்குப் பயந்து மாத்திரையைச் சேலை முந்தானைக்குள் மறைத்து எடுத்துச்சென்று, கழிவறையில் விழுங்கிவிட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு அறுவை அரங்குக்குள் போய் நிற்கிறவர் யாரிடமும் ‘இன்றைக்கு ஒரு நாள் வேறு இடம் கொடுங்கள்’ என்று கேட்கமாட்டார். மருந்தின் தொந்தரவு மறைக்கப்பட வேண்டியதாக ஆகும் இடத்தில்தான் அது நோயாளிக்கு ஆபத்தாகவும் ஆகிறது. மறைக்கத் தேவையில்லாத இடத்தில் அது சமாளிக்கக்கூடிய ஒரு சிரமம் மட்டுமே.

சர்க்கரை நோய் எளிய உதாரணம், விரைவில் சொல்லிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவருக்கு அந்த ஆபத்து உண்டு. அறுவை நீண்டு, கிருமிநீக்கிய கவுனும் கையுறையுமாக நான்கு மணி நேரம் சாப்பிடாமல் நிற்கும் ஓ.டி. செவிலியருக்குக் கை நடுங்கி வியர்க்கத் தொடங்கினால், அவரால் ஒரு மிட்டாய்கூட வாயில் போட முடியாது. இதற்கு வேண்டியது மாற்றாள் ஒருவரும், உணவு இடைவேளையும், கொஞ்சம் முன்யோசனையும்தான். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்கும், ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரைகளுக்கும் இதே கதை: அடிக்கடி கழிவறை போக வேண்டியவரை வெளியே வர முடியாத இடத்தில் நிறுத்தக் கூடாது.

வலிப்பு விஷயத்தில் ஆபத்து எங்கே என்பதையே நாம் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு வலிப்பைத் தூண்டும் பெரிய காரணங்களில் ஒன்று தூக்கம் கெடுவது. வாரக்கணக்கில் தொடரும் இரவுப் பணி அதைத்தான் செய்கிறது. இவருக்கு இரவுப் பணியிலிருந்து விலக்குக் கொடுத்தால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்தது. கொடுக்காவிட்டால், மாத்திரையின் அசதியும் இரவின் அசதியும் சேர்ந்து அழுத்தும்போது, அசதி தாங்காமல் ஒரு வேளை மாத்திரையைத் தானே விட்டுவிடுவார். மருந்து சாப்பிட்டதைவிட, விட்டதுதான் பேராபத்து.

மனநல மருந்துகளைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராமோ செர்ட்ராலினோ சாப்பிடும் ஒரு மருத்துவரை, அவர் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார் என்பதற்காகவே தகுதியற்றவராகப் பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சிகிச்சையே இல்லாமல், தூங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வேலை செய்யும் மருத்துவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏனென்றால் அவரிடம் சீட்டு இல்லை. அந்த மாத்திரைகள் முதல் ஓரிரு வாரங்களில் குமட்டலும் படபடப்பும் தரலாம். பிறகு பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். மிர்டசபின், குவெட்டியபின், ஒலான்சபின் போன்றவை தூக்கத்தைக் கூட்டும். இவற்றில் நேரமும் ஷிஃப்டும் பார்க்கப்பட வேண்டும். லித்தியம் கையில் மெல்லிய நடுக்கம் தரலாம். உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும் என்பதால், முழுக் கவச உடையில் தண்ணீர் குடிக்காமல் பல மணி நேரம் நிற்கும் பணி லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ஏற்றதல்ல. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு. ‘மனநல மாத்திரை’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது.

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் செவிலியர் வாரியம், போதைப் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சாப்பிட்ட ஒரு செவிலியரிடம், மருந்தை விட்டால்தான் உரிமத்தைக் காப்பாற்றும் உதவித் திட்டத்தில் சேரலாம் என்றது. இது மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தை மீறிய செயல் என்று அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அவரை நிலையாக வைத்திருந்த மருந்தையே தகுதியின்மையாக ஒரு செவிலியர் வாரியம் பார்த்தது என்பதுதான் இதில் அதிர்ச்சி.

பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சில் தன் நடைமுறை விதிகளில் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது: நோயாலோ அதற்கான சிகிச்சையாலோ தன் தீர்மானமும் செயலும் பாதிக்கப்படலாம் என்று கருதும் மருத்துவர், தகுந்த சக மருத்துவர் ஒருவரைக் கலந்தாலோசிக்க வேண்டும், தன்னால் நோயாளிகளுக்கு வரக்கூடிய ஆபத்தைத் தானே எடைபோட்டு முடிவு செய்யக் கூடாது. ‘சிகிச்சையாலோ’ என்ற சொல் அதில் இருப்பது முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு இந்த முறை பழக்கமானது. சேரும்போது உடல்நல விவரங்களைத் தொழில்சார் மருத்துவப் பிரிவுக்குத் தருகிறார்கள். அந்தப் பிரிவு மேலாளருக்குச் சொல்வது ‘பணிக்கு ஏற்றவர்’, ‘இன்னின்ன மாற்றங்களோடு ஏற்றவர்’ என்ற அளவில்தான். நோயின் பெயர் மேலாளருக்குப் போவதில்லை.

இங்கே நமக்கு இருப்பது அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளின் 71-ஆம் விதி. மருத்துவ விடுப்பில் போன அரசு ஊழியர், தகுதிச் சான்றிதழ் இல்லாமல் பணிக்குத் திரும்ப முடியாது. நோயிலிருந்து குணமடைந்தார், பணியில் சேரத் தகுதியானவர் என்பதுதான் அந்தச் சான்றிதழின் சாரம். நோய் முடிந்தது, வேலை தொடங்குகிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆறு மாதமோ ஆயுள் முழுக்கவோ மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாசகம் பொருந்துவதே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. ஊசியால் காது கேட்காமல் போனவருக்கு அது உதவும். மூன்று மாதம் விரல் மதமதக்கிறவருக்கும், ஆறு வாரம் தூக்கக் கலக்கம் உள்ளவருக்கும் உதவாது.

இந்தியச் சட்டங்களுக்குள்ளேயே நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் இரண்டு தாள்களைக் கேட்கிறது. ஒன்று, அவர் அந்த வேலையைச் செய்யத் தகுதியற்றவர் என்றோ, பணியிடத்தில் உள்ள மற்றவர்களுக்கு அவரால் கணிசமான தொற்று ஆபத்து என்றோ, சம்பந்தமில்லாத தகுதி வாய்ந்த மருத்துவர் ஒருவர் எழுத்தில் தரும் மதிப்பீடு. இரண்டு, அவருக்கேற்ற மாற்றங்களைச் செய்துதர முடியாத அளவுக்குத் தனக்கு என்ன சிரமம் என்று முதலாளி எழுதித் தரும் விளக்கம். தகுதி என்பது ‘அந்த வேலைக்கு’ உரியது, மாற்றம் செய்துதருவதே முதல் கடமை என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. எச்.ஐ.வி.க்கு மட்டும் என்று நிறுத்தாமல், நீண்டகாலச் சிகிச்சையில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனை ஊழியருக்கும் இந்த முறையைப் பின்பற்றுவதில் என்ன தடை?

தடை ஆள் பற்றாக்குறை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நாற்பது படுக்கைக்கு இரவில் ஒரு செவிலியர் இருக்கும் வார்டில், ‘இவருக்கு ஆறு வாரம் இரவுப் பணி வேண்டாம்’ என்று எழுதினால் அந்த ஆறு வாரத்தையும் இன்னொருவர் தலையில்தான் கட்ட வேண்டும். சலுகை பெறுகிறவர்மீது சகாக்களுக்கு வரும் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஆகவே மாற்றுப் பணி பற்றிப் பேசுகிற எந்த உத்தரவும் மாற்றாள் பற்றியும் பேசியாக வேண்டும். இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, ஹெபாரின் போன்ற ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்துப் போடுவது என்ற விதிக்கும் இரண்டாவது ஆள் வேண்டும்.

எல்லோரையும்விடச் சிக்கலில் இருப்பவர்கள் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த முறையில் இருக்கும் செவிலியர்களும், வெளி நிறுவனங்கள் வழியாக வரும் டெக்னீஷியன்களும்தான். நிரந்தரப் பணியாளருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது, சங்கம் இருக்கிறது. இவர்களுக்கு வராத நாள் சம்பளமில்லாத நாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது அடுத்த ஆண்டுக் கவலை. ‘எனக்குக் காசநோய் மருந்து ஓடுகிறது, நிறம் சரியாகத் தெரியவில்லை’ என்று இவர்களில் ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டுமானால், சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதி எழுத்தில் அவர் கையில் இருக்க வேண்டும். தகுதிச் சான்றிதழில் நோயின் பெயரே வேண்டியதில்லை. எந்தப் பணி தற்போது வேண்டாம், எந்தத் தேதிவரை, மறுபடி எப்போது பரிசோதனை என்று மூன்று விவரம் போதும். அந்த மூன்றும் நிரந்தரப் பணியாளருக்கு எப்படிப் பொருந்துமோ அப்படியே ஒப்பந்தப் பணியாளருக்கும் பொருந்தும் என்று அரசாணை சொல்ல வேண்டும். அந்த நாள்களுக்கு ஊதியம் குறையாது என்றும் சொல்ல வேண்டும்.